பச்சை பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள்

கேள்வி: மகள் கேட்டாள் என்று 450 ரூபாய்க்கு ஒரு ஷாம்பு வாங்கினேன். ‘சுற்றுச்சூழலுக்கு உகந்தது, சல்பேட் இல்லாதது, கற்றாழை நிறைந்தது’ என்று போட்டிருக்கிறது. நம்பலாமா?

பதில்: முன்பக்கத்தை விட்டுவிட்டு பாட்டிலைத் திருப்புங்கள். அங்கே பொடி எழுத்தில் இருக்கும் பட்டியல்தான் உண்மை பேசும். அதிகம் சேர்த்த பொருள் முதலில் வரும். 1 சதவீதத்துக்குக் கீழே உள்ளவை மட்டும் கடைசியில் எந்த வரிசையிலும் வரலாம். ‘பினாக்ஸிஎத்தனால்’ என்ற பெயரைத் தேடுங்கள். ஷாம்பு கெடாமல் இருக்கச் சேர்ப்பது அது. 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கற்றாழை அதற்குப் பிறகு வந்தால், படத்தில் இருக்கும் அளவுக்கு பாட்டிலுக்குள் கற்றாழை இல்லை.

அடுத்தது சல்பேட். இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். வழக்கமான ஷாம்புகளில் நுரைக்காகச் சேர்க்கும் சோடியம் லாரெத் சல்பேட் தண்ணீரில் எளிதில் சிதைந்துவிடும். அது இல்லாத ஷாம்பு, வறண்ட தலைக்கும் சாயம் பூசிய முடிக்கும் இதமாக இருக்கலாம். ஆனால் ஆற்றுக்கும் குளத்துக்கும் அதனால் பெரிய லாபம் இல்லை. நான் கவலைப்படுவது முடியை வழவழப்பாக்கும் சில சிலிக்கோன்களைப் பற்றித்தான். சைக்ளோபென்டாசிலாக்சேன் என்பது அப்படி ஒன்று. சூழலில் நீண்ட காலம் தங்கிவிடும் என்பதால், கழுவிவிடும் பொருள்களில் அது 0.1 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2020 முதல் கட்டுப்படுத்தியிருக்கிறது. கண்டிஷனர், சீரம் வாங்கும்போதும் இந்தப் பெயரைத் தேடுங்கள்.

‘உகந்தது’ என்ற வெறும் சொல்லுக்கு இனி மதிப்பில்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, அப்படிச் சொல்லும் நிறுவனம் எதனால் உகந்தது என்று விளக்கி ஆதாரமும் தர வேண்டும். அதனால் தயங்காமல் நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள்: எந்தப் பொருள் மக்கும்? பாட்டிலில் மறுசுழற்சி பிளாஸ்டிக் எத்தனை சதவீதம்? நேர்மையான நிறுவனம் எண்ணோடு பதில் சொல்லும். மழுப்பினால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.

அப்புறம் ஒன்று. தலைக்குக் குளிக்க ஹீட்டரில் சுடவைக்கும் தண்ணீருக்கு ஆகும் மின்சாரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஷாம்பு எதுவானாலும் வெதுவெதுப்பான நீர், குறைந்த நேரம் போதும் என்று மகளிடம் சொல்லுங்கள். வாங்கிய பாட்டிலைத் தூக்கிப் போட வேண்டாம், தீரும்வரை பயன்படுத்தட்டும். அதற்குள் நிறுவனத்தின் பதிலும் வந்துவிடும். அடுத்து எதை வாங்குவது என்று அதைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.