எழுபதுகளின் அமெரிக்க மிட்-சைஸ் கார்: எதை வாங்கலாம், எங்கே தட்டிப் பார்க்க வேண்டும்?

கேள்வி: அமெரிக்காவில் இருக்கிறேன். 1970களின் மிட்-சைஸ் கார் ஒன்றை வாங்கி வார இறுதிகளில் ஓட்ட ஆசை. 1973-க்குப் பிறகு வந்ததெல்லாம் குப்பை என்கிறார்கள். உண்மையா? வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

பதில்:

பாதிதான் உண்மை. அந்தப் பாதியும் எஞ்சினைப் பற்றியது. இந்த வண்டிகளில் ஆக எளிதாகச் சரிசெய்யக்கூடியது எஞ்சின்தான். அதனால் வண்டி தேடும்போது முதலில் துருவைப் பாருங்கள், அடுத்து ட்ரிம் பாகங்கள் (கிரில், மோல்டிங் போன்ற வெளிப் பாகங்கள்) முழுசாக இருக்கின்றனவா என்று பாருங்கள், எஞ்சினைக் கடைசியில் பாருங்கள். பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு டிங்கரிங் செலவில் மாட்டிக்கொள்கிறார்கள்.

பவர் விழுந்த கதையை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். 1971-ல் ஜி.எம். (ஜெனரல் மோட்டார்ஸ்) ஈயம் குறைந்த பெட்ரோலுக்காக கம்ப்ரெஷனைக் குறைத்தது. 1972-ல் குதிரைத்திறனை அளக்கும் முறையே மாறியது: வெறும் எஞ்சினை மேடையில் வைத்து அளந்த காலம் போய், ஆல்டர்னேட்டர், ஏர் கிளீனர், சைலன்சர் எல்லாம் மாட்டி அளக்க ஆரம்பித்தார்கள். செவ்ரோலெட்டின் செவெல் காரின் எல்.எஸ்.5 என்ற 454 கன அங்குல எஞ்சினுக்கு 1971-ல் இரண்டு கணக்கும் உண்டு. பழைய முறையில் 365, புதிய முறையில் 285. எஞ்சின் ஒன்றேதான். ஆகவே "பாதியாகிவிட்டது" என்ற புலம்பலில் ஒரு பங்கு வெறும் காகிதக் கணக்கு. மீதி நிஜம்: குறைந்த கம்ப்ரெஷன், தீப்பொறி தாமதமாக விழும்படி வைத்த இக்னிஷன் டைமிங், பெட்ரோலைச் சிக்கனமாக விடும் கார்புரேட்டர் ஜெட். ஃபோர்டின் 460 எஞ்சினில் 1972-க்குப் பிறகு வால்வுகள் திறந்து மூடும் நேரத்தைத் தீர்மானிக்கும் டைமிங் கியரையே 8 டிகிரி பின்தள்ளி வைத்தார்கள். பழைய அமைப்பிலான டபுள் ரோலர் செயின் செட் மாட்டினாலே இழுவை திரும்பிவிடும்.

என் தேர்வு 1973-77 ஜி.எம். வண்டிகள். இவற்றை கலனேடு தலைமுறை என்பார்கள். செவ்ரோலெட் மாலிபு, மான்டி கார்லோ, பான்டியாக் லெமான்ஸ், ப்யூக் செஞ்சுரி, ஓல்ட்ஸ்மொபைல் கட்லஸ் எல்லாம் இந்த வகை. ஜி.எம். தொழிலாளர்களின் 1970 வேலைநிறுத்தத்தால் ஒரு வருடம் தள்ளி வந்தவை. தனி சேஸிஸ், நாலு சக்கரத்துக்கும் காயில் ஸ்பிரிங். ஓடுவதிலும் திரும்புவதிலும் முந்தைய தலைமுறையான 1968-72 செவெலைவிட இவை மேல். அந்தப் பழைய செவெலுக்கு இன்று சொல்லும் விலையில் பாதிக்கு மேல் பெயருக்காகத்தான் என்பது என் கருத்து. கலனேடில் கன்வெர்ட்டிபிள் கிடையாது, கனமான பம்பர் உண்டு. அந்த இரண்டையும் ஏற்றுக்கொண்டால் போதும். 1976-ல் அமெரிக்காவிலேயே அதிகம் விற்ற கார் கட்லஸ். அதனால் பாகம் எடுக்க உதிரி வண்டிகள் இன்னும் கிடைக்கின்றன.

பார்க்க வேண்டிய இடங்களை வரிசையாகச் சொல்கிறேன். வினைல் கூரை போட்ட வண்டி என்றால் பின்கண்ணாடியின் கீழ் மூலைகளில் கட்டைவிரலால் அழுத்துங்கள். வினைலுக்கு அடியில் கரகரவென்று நொறுங்கினால் அந்தத் தகடு போய்விட்டது. அங்கே இறங்கும் தண்ணீர் நேராக டிக்கிக்குள் போகும். டிக்கி மேட்டைத் தூக்கி, ஸ்டெப்னி உட்காரும் குழியையும் இரண்டு பக்கப் பள்ளங்களையும் டார்ச் அடித்துப் பாருங்கள். புதிதாக கறுப்பு பெயின்ட் அடித்திருந்தால் இன்னும் கவனம் வேண்டும். பின்சக்கர வளைவுகளில் மெல்லிய காந்தத்தை வையுங்கள். ஒட்டவில்லை என்றால் அடியில் பட்டிதான் இருக்கிறது. வண்டிக்கு அடியில் படுத்து, சேஸிஸை பின்ஆக்சிலுக்கு மேலே வளையும் இடத்தில் சுத்தியலால் தட்டுங்கள். கணீர் என்று கேட்க வேண்டும். மொத்தென்று கேட்டால் உள்ளே துரு செதில் நிறைந்திருக்கிறது என்று அர்த்தம். அந்த வண்டி வேண்டாம்.

ரேடியேட்டரைத் தாங்கும் முன்சட்டத்துக்குக் கீழே இருக்கும் ரப்பர் மவுன்ட்டுகளையும் விடாதீர்கள். அவை அமுங்கினால் முன்பக்கம் இறங்கி, கதவுக்கும் ஃபெண்டருக்கும் நடுவே உள்ள இடைவெளி மேலே ஒரு அளவும் கீழே ஒரு அளவுமாக இருக்கும். இரண்டு கதவு வண்டியில் கதவு நீளம், எடையும் அதிகம். கதவைப் பாதி திறந்து கைப்பிடிப் பக்கம் தூக்கிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் ஹின்ஜ் புஷ் தேய்ந்திருக்கிறது. அது மலிவான பாகம்தான், பயப்பட வேண்டாம்.

ட்ரிம்தான் ஆளைக் கவிழ்க்கும். பம்பருக்கும் பாடிக்கும் நடுவே இருக்கும் பிளாஸ்டிக் ஃபில்லர் வெயிலில் பொடிப்பொடியாகிவிடும். கட்லஸ், மான்டி கார்லோ மாதிரி அதிகம் விற்ற மாடல்களுக்குப் புதிதாகச் செய்து விற்கிறார்கள். அரிய மாடல்களுக்குத் தேடி அலைய வேண்டும். கிரில், டெயில் லைட் லென்ஸ், பின்கண்ணாடி மோல்டிங் மூன்றும் உடையாமல் இருக்கும் வண்டிக்கு ஆயிரம் டாலர் கூடுதலாகக் கொடுத்தாலும் நஷ்டமில்லை.

இப்போது எஞ்சின். ஜி.எம்.மில் செவ்ரோலெட், பான்டியாக், ஓல்ட்ஸ்மொபைல், ப்யூக் நாலும் தனித்தனியாக 350 என்ற பெயரில் எஞ்சின் செய்தன. நாலும் வேறு வேறு. ஒன்றின் கேஸ்கட் இன்னொன்றுக்குப் பொருந்தாது. முன்பக்கம் ஆயில் ஊற்றும் குழாய் நிமிர்ந்து நின்றால் ஓல்ட்ஸ்மொபைல், டிஸ்ட்ரிபியூட்டர் முன்னால் இருந்தால் ப்யூக். பாகம் வாங்குமுன் இதை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

இவற்றின் பெரிய பலவீனம் கேம்ஷாஃப்ட் டைமிங் கியர். சத்தம் குறையட்டும் என்று அலுமினிய கியரில் நைலான் பற்கள் வைத்தார்கள். வயதானால் பல் உடைந்து ஆயில் பேனில் விழும், ஆயில் பம்ப் வலையை அடைக்கும், பிரஷர் விழும், பேரிங் போகும். சோதனை எளிது: டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றுங்கள். கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் மாட்டி, ரோட்டர் நகரும்வரை ஒரு பக்கம் திருப்பி, கிராங்க் முனைச் சக்கரமான டேம்பரில் இருக்கும் டிகிரியைக் குறியுங்கள். பிறகு எதிர்ப்பக்கம் மெதுவாகத் திருப்பி, ரோட்டர் அசையத் தொடங்கும் டிகிரியைப் பாருங்கள். வித்தியாசம் 10-ஐத் தாண்டினால் செயினும் கியரும் மாற்ற வேண்டும். மாற்றும்போது ஆயில் பேனையும் இறக்கி வலையைச் சுத்தம் செய்யாவிட்டால் செய்த வேலை வீண்.

ஜி.எம். வண்டிகளில் வரும் நாலு வாய் குவாட்ராஜெட் கார்புரேட்டரைத் திட்டாதவர் இல்லை, எனக்கோ அது மிக நல்ல கார்புரேட்டர். முன்னிரண்டு வாய்கள் சிறியவை, பின்னிரண்டு பெரியவை. மெதுவாக ஓட்டினால் மைலேஜ், அழுத்தினால் இழுவை. இரவெல்லாம் நின்ற வண்டி காலையில் நீண்ட நேரம் செல்ஃப் அடித்தால்தான் ஸ்டார்ட் ஆகிறது என்றால், பெட்ரோல் கிண்ணத்தின் அடியில் இருக்கும் அடைப்புகள் கசிகின்றனவா என்று பாருங்கள். கார்புரேட்டரைக் கழற்றி, கிண்ணத்தில் பெட்ரோல் ஊற்றி, உலர்ந்த காகிதத்தின் மேல் வைத்தால் ஈரம் காட்டிக்கொடுக்கும். பெட்ரோல் தாங்கும் எபாக்ஸி போதும். ஃபில்டர் மாற்றும்போது 1 அங்குல நட்டை ஒரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு, குழாய் நட்டை 5/8 ஸ்பேனரால் திருப்புங்கள். பிடிக்காமல் திருப்பினால் கார்புரேட்டரின் மரை போய்விடும்.

ஜி.எம்.மின் டர்போ-ஹைட்ராமேட்டிக் 350 என்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் ஆயில் குறைகிறது, தரையில் சொட்டு இல்லை, சைலன்சரில் வெள்ளைப் புகை வருகிறது என்றால் எஞ்சினைப் பிரிக்கக் கிளம்பாதீர்கள். எஞ்சின் வேக்கூமை வைத்து கியர் மாறுவதைச் சரிசெய்யும் வேக்கூம் மாடுலேட்டரின் உள்சவ்வு கிழிந்து, எஞ்சின் அந்த ஆயிலை உறிஞ்சுகிறது. அதன் ரப்பர் ஹோஸைப் பிடுங்கிப் பாருங்கள். உள்ளே சிவப்பு ஆயில் இருந்தால் அதுதான். ஒரே போல்ட், அரை மணி நேர வேலை.

ஃபோர்டின் 1972-76 க்ரான் டொரினோ அழகான வண்டி, கனமும் அதிகம். 351 எஞ்சின் என்றால் விண்ட்சர் வகையா, க்ளீவ்லாண்ட் வகையா என்று கேளுங்கள். மேல் ரேடியேட்டர் ஹோஸ் இன்டேக் மேனிஃபோல்டில் சேர்ந்தால் விண்ட்சர், நேராக பிளாக்கில் இறங்கினால் க்ளீவ்லாண்ட் குடும்பம். க்ளீவ்லாண்ட் தெர்மோஸ்டாட்டின் அடியில் தொப்பி மாதிரி ஒரு பாகம் உண்டு. எஞ்சின் சூடானதும் அது கீழே இருக்கும் பித்தளைத் தட்டின் ஓட்டையை மூடும். விண்ட்சர் தெர்மோஸ்டாட்டை மாட்டினால் ஓட்டை திறந்தே கிடக்கும். தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமலே சுற்றும், வண்டி சூடேறும். ரேடியேட்டர், பம்ப் என்று எல்லாம் மாற்றியும் சூடு அடங்காத க்ளீவ்லாண்டில் முதலில் இதைப் பாருங்கள்.

க்ரைஸ்லர் பக்கம், ரிச்சர்ட் பெட்டி 1974, 1975 நாஸ்கார் கார் பந்தயப் பட்டங்களை வென்றது டாட்ஜ் சார்ஜரில்தான். 318 எஞ்சினும் 225 ஸ்லான்ட் சிக்ஸும் எளிதில் சாகாதவை. தகராறெல்லாம் வயரிங்கில். சாவியை ஸ்டார்ட்டில் பிடித்தால் ஓடி, விட்டவுடன் நின்றால் இக்னிஷனுக்குப் போகும் கரன்டைக் குறைக்கும் பேலஸ்ட் ரெசிஸ்டர் போய்விட்டது. டாஷ்போர்டில் ஒன்று உபரியாக வைத்திருங்கள். பெரிய ஆபத்து டாஷ்போர்டில் கரன்ட் காட்டும் அம்மீட்டர். சார்ஜ் கரன்ட் முழுவதும் ஃபயர்வாலில் (எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள தகட்டில்) இருக்கும் கனெக்டர் வழியாக உள்ளே போய் வருகிறது. அந்த கனெக்டரைப் பிடுங்கி, பிளாஸ்டிக் பழுப்பாக உருகியிருக்கிறதா பாருங்கள். ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்கு ஃப்யூசிபிள் லிங்க்குடன் (கரன்ட் மீறினால் உருகி அறும் துண்டு) நேர் வயர் இழுப்பது கட்டாயம். 1976 முதல் வந்த லீன் பர்ன் என்ற ஆரம்பகால கணினி இக்னிஷன் பெட்டி இருந்தால் சாதாரண எலக்ட்ரானிக் இக்னிஷனுக்கு மாற்றலாம்.

ஏஎம்சி (அமெரிக்கன் மோட்டார்ஸ்) நிறுவனத்தின் மாடடோர் பாகம் எதுவும் குறையாமல் இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

எதை வாங்கினாலும் பெட்ரோல் ஹோஸ் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றிவிடுங்கள். ஆயிலில் துத்தநாகம் 1000 பி.பி.எம்-க்குக் குறையாமல் இருக்கட்டும். இல்லாவிட்டால் கேம் தேயும். நீங்கள் கலிஃபோர்னியாவில் இருந்தால் 1975 அல்லது அதற்கு முந்தைய மாடலாகப் பாருங்கள். அதுவரையிலான பெட்ரோல் வண்டிகளுக்கு ஸ்மாக் (புகை) சோதனை கிடையாது. 1976-லிருந்து உண்டு, அதோடு பழைய புகைக்கட்டுப்பாட்டுப் பாகங்கள் எல்லாம் இடத்தில் இருக்க வேண்டும். மேலே சொன்ன டைமிங், இக்னிஷன் மாற்றங்களை அந்த வண்டிகளில் செய்யும்முன் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். கழற்றிய பாகம் எதையும் தூக்கிப் போடாதீர்கள்.