இன்காக்னிட்டோவில் பார்த்தால் யாருக்கும் தெரியாதா? பிரவுசர் கேள்விகள்

பாலக்கோட்டில் ஜெராக்ஸ் கடைக் கணினியில்தான் ஆதார் எடுக்கிறேன். இன்காக்னிட்டோவில் (ஹிஸ்டரியைச் சேமிக்காத தனி ஜன்னல்) திறந்தால் போதும் என்கிறார் கடைக்காரத் தம்பி. போதுமா?

போதாது. ஜன்னலை மூடியதும் ஹிஸ்டரியும் குக்கீயும் (உங்களை அடையாளம் காணத் தளங்கள் பிரவுசரில் போட்டு வைக்கும் சிறு குறிப்பு) போய்விடும், சரி. ஆனால் இறக்கிய பிடிஎஃப் டவுன்லோட்ஸ் ஃபோல்டரிலேயே கிடக்கும். இ-ஆதாரின் பாஸ்வேர்டு என்ன? ஆங்கிலப் பெரிய எழுத்தில் பெயரின் முதல் 4 எழுத்து, கூடவே பிறந்த ஆண்டு. உங்களைத் தெரிந்த யாரும் ஊகித்துவிடலாம். தர்மபுரியில் ஒரு கடையில் பிரிண்ட் எடுக்கப் போனபோது அந்த ஃபோல்டரைப் பார்த்தேன். யார் யாருடையதோ ஆதார், பட்டா, மதிப்பெண் பட்டியல் என வரிசையாகக் கிடந்தன. மனசு பதறிவிட்டது.

பிரிண்ட் வந்ததும் கோப்பைத் தேர்ந்தெடுத்து ஷிஃப்டும் டெலிட்டும் சேர்த்து அழுத்துங்கள். ரீசைக்கிள் பின்னுக்குக்கூடப் போகாது. ஏற்கும் இடங்களில் கடைசி 4 எண் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதாரையே கொடுங்கள். கடை வைத்திருப்பவர்களே, ராத்திரி ஷட்டரை இறக்குமுன் அந்த ஃபோல்டரைத் தயவுசெய்து காலி செய்யுங்கள்.

மாங்கூழ் இயந்திரத்தின் விலையை ஒரே ஒரு தடவை தேடினேன். இப்போது செய்தி படிக்கப் போனாலும் அதே விளம்பரம். பிரவுசரை மாற்றினால் நிற்குமா? (காவேரிப்பட்டணம்)

பெருமளவு நிற்கும். இயந்திரம் விற்கும் தளத்தில் விளம்பர நிறுவனத்தின் நிரல் ஒன்று உட்கார்ந்திருக்கும். அது உங்கள் பிரவுசரில் ஒரு குக்கீயைப் போட்டு வைக்கும். செய்தித் தளத்திலும் அதே நிறுவனத்தின் நிரல் இருப்பதால், 'இவர்தான் அவர்' என்று அடையாளம் கண்டுகொள்கிறது. இந்த வகைக் குக்கீகளை நிறுத்தப்போவதாகக் குரோம் 2020இல் அறிவித்தது. 2024இல் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. ஆப்பிளின் சஃபாரி 2020 முதலே தடுக்கிறது. ஃபயர்ஃபாக்ஸ் 2022 ஜூன் முதல் கணினியில் ஒவ்வொரு தளத்தின் குக்கீயையும் தனித்தனி டப்பாவில் போட்டுப் பூட்டுகிறது.

என் பரிந்துரை ஃபயர்ஃபாக்ஸ், அதோடு யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பு எக்ஸ்டென்ஷன் (பிரவுசரோடு சேர்த்துக்கொள்ளும் கூடுதல் நிரல்). இரண்டும் இலவசம், ஆண்ட்ராய்டு போனிலும் ஓடும். குரோம் பழகிய கைக்கு பிரேவ் என்ற பிரவுசர் எளிது. அதுவும் குரோமுக்கு அடித்தளமான குரோமியம் என்ற நிரலின் மேல் கட்டியதுதான். அதில் வரும் கிரிப்டோ, ரிவார்ட்ஸ் சமாச்சாரங்களை மட்டும் அணைத்துவிடுங்கள். ஒன்று மறக்கக் கூடாது. கூகுள் கணக்கில் நுழைந்தபடியே தேடினால், எந்தப் பிரவுசராக இருந்தாலும் அந்தத் தேடல் கூகுளுக்குத் தெரியும்.

பிரவுசரை மாற்றினால் சேமித்த பாஸ்வேர்டுகள் போய்விடுமா? (ஊத்தங்கரை)

போகாது. புக்மார்க்குகளைப் புதிய பிரவுசரே கேட்டு எடுத்துக்கொள்ளும். பாஸ்வேர்டுகளைச் சிஎஸ்வி என்ற பட்டியல் கோப்பாக எடுத்து ஏற்ற வேண்டியிருக்கலாம். அந்தக் கோப்பில் எல்லாப் பாஸ்வேர்டும் பூட்டில்லாமல் அப்படியே எழுதியிருக்கும். வேலை முடிந்த நிமிடமே அழியுங்கள். வாட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்பி வைத்துக்கொள்ளும் பழக்கம் வேண்டவே வேண்டாம்.

கல்லூரி வைஃபையில் நான் பார்ப்பது நிர்வாகத்துக்குத் தெரியுமா? டார் போட்டுக்கொள்ளலாமா? (அரூர்)

எந்தத் தளத்துக்குப் போனீர்கள் என்பது பெரும்பாலும் தெரியும். உள்ளே என்ன படித்தீர்கள் என்பதை எச்டிடிபிஎஸ் (தள முகவரியின் தொடக்கத்தில் வரும் https, தகவலைப் பூட்டி அனுப்பும் முறை) மறைத்துவிடும். டார் என்பது நீங்கள் யார் என்பதை மறைக்கும் பிரவுசர். இணையப் போக்குவரத்தை மூன்று கணினிகள் வழியாகச் சுற்றி அனுப்புவதால் மெதுவாகத்தான் நகரும். பாடம் படிக்கவும் ஸ்காலர்ஷிப் படிவம் நிரப்பவும் அது தேவையில்லை தம்பி.

ஃபயர்ஃபாக்சில் வங்கித் தளம் பாதியில் நின்றுவிடுகிறது. (ஓசூர்)

முகவரிக்கு இடப்பக்கம் கேடயப் படம் இருக்கும். அதைத் தொட்டு அந்தத் தளத்துக்கு மட்டும் பாதுகாப்பைத் தளர்த்துங்கள். அப்படியும் ஓடாவிட்டால் அந்த ஒரு வேலைக்குப் பழைய பிரவுசரை வைத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை.

அம்மா போனில் 'உங்கள் போனில் 5 வைரஸ்' என்று அறிவிப்பு வந்துகொண்டே இருக்கிறது. பயப்படுகிறார். (பென்னாகரம்)

பெரும்பாலும் அது வைரஸ் இல்லை என்று முதலில் அம்மாவிடம் சொல்லுங்கள். ஏதோ ஒரு தளம் அறிவிப்பு அனுப்ப அனுமதி கேட்டிருக்கும், அவரும் சரி என்று தொட்டிருப்பார். குரோம் அமைப்புகளில் தள அமைப்புகள், அதற்குள் அறிவிப்புகள் போய், தெரியாத தளங்களை எல்லாம் தடுத்துவிடுங்கள். பிறகு அந்தப் பக்கத்திலேயே மேலே இருக்கும் பொத்தானையும் அணைத்துவிட்டால், இனி எந்தத் தளமும் அவரிடம் அனுமதியே கேட்காது.