கல்வி முதல் கால்நடை மருத்துவம் வரை எல்லாத் துறைக் கட்டுரைகளையும் போடும் ஆய்விதழில் 150 டாலர் கட்டிக் கட்டுரை வெளியிடலாமா?

நீங்கள் சிங்கப்பூரில் தமிழாசிரியர். கட்டுரை மாணவர்களின் பிழைகளைப் பற்றியது. "மதிப்பிற்குரிய பேராசிரியரே" என்று தொடங்கும் மின்னஞ்சல் வந்திருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் பணம் கட்டச் சொல்கிறார்கள். கேள்வியில் இவ்வளவுதான் இருக்கிறது. மீதியை நானே ஊகித்துக்கொள்கிறேன். தமிழ்நாட்டில் ஏதோ ஒரு பல்கலைக்கழகத்தில் பகுதிநேரமாக முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருக்கிறீர்கள். ஜூன், டிசம்பர் விடுமுறையில் போய் நெறியாளரைப் பார்த்துவிட்டு வருகிறீர்கள். "கட்டுரை ஒன்று வந்துவிட்டால் ஆய்வேட்டைக் கொடுத்துவிடலாம்" என்று அவர் சொல்லியிருப்பார். ஊகம் தப்பென்றால் மன்னியுங்கள். நான் அப்படித்தான் இருந்தேன்.

கட்டாதீர்கள்.

2015இல் நான் கட்டினேன். 120 அமெரிக்க டாலர், அன்றைய கணக்கில் 160 சிங்கப்பூர் வெள்ளி. நெறியாளரே அந்த இதழின் முகவரியைக் கொடுத்தார். அப்போது இந்தியப் பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிப்படி, ஆய்வேட்டைச் சமர்ப்பிப்பதற்கு முன்னால் ஒரு கட்டுரையாவது ஆய்விதழில் வந்திருக்க வேண்டும். "ஐஎஸ்எஸ்என் எண் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளும்மா" என்றார். இருந்தது. அட்டையில் பெரிதாகவே போட்டிருந்தார்கள். அந்த எட்டு இலக்க எண்ணுக்கும் தரத்துக்கும் தொடர்பே இல்லை என்பது பிற்பாடுதான் தெரிந்தது. தொடர்ந்து வெளிவரும் எந்த இதழும் விண்ணப்பித்து வாங்கலாம், சிங்கப்பூரில் தேசிய நூலக வாரியமே தருகிறது. வண்டிக்கு நம்பர் பிளேட் மாதிரி. ஓட்டுநருக்கு ஓட்டத் தெரியுமா என்று நம்பர் பிளேட் சொல்லாது.

என் கட்டுரை தொடக்கநிலை 3 பிள்ளைகளின் பேச்சுத்தமிழ் பற்றியது. என்னிடம் டியூஷன் வந்த 14 பிள்ளைகளுக்கு ஒரு படத்தைக் காட்டிக் கதை சொல்லச் சொல்லிப் பதிவு செய்தேன். பெற்றோர் ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்கினேன். இங்கே பெண்டமியர் வட்டாரத்தில், ஒரு வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டின் சாப்பாட்டு மேசையில், மின்விசிறியை அணைத்துவிட்டு (சத்தம் பதிவாகிவிடும் என்று), வியர்க்க வியர்க்க உட்கார்ந்து செய்த வேலை. அந்தப் பதிவுகளைக் கேட்டு எழுத்தாக்க மட்டும் இரண்டு பள்ளி விடுமுறை போனது.

அனுப்பி 36 மணி நேரத்தில் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். மதிப்பீட்டாளரின் கருத்து ஒரே வரி: "நல்ல கட்டுரை, இலக்கணத்தைச் சற்றுக் கவனிக்கவும்." எந்த இலக்கணம் என்று சொல்லவில்லை. அடுத்த வாரம் தங்கநிறப் பூவேலை ஓரத்தோடு சான்றிதழ் வந்தது. இன்னும் 50 டாலர் கொடுத்தால் சிறந்த கட்டுரை விருதும் உண்டாம். கல்யாண மண்டபத்தில் காப்பிக்குத் தனிக் காசு கேட்ட மாதிரி இருந்தது. கணவர் சிரித்தார், நான் சிரிக்கவில்லை.

இதழ் வெளிவந்ததும் திறந்து பார்த்தேன். எனக்கு முன்னால் ஆட்டின் மடிநோய் பற்றிய கட்டுரை, பின்னால் கோழிக்கு வரும் வெள்ளைக்கழிச்சல் பற்றியது. நடுவில் என் பிள்ளைகள். அவர்கள் சொன்ன வாக்கியங்களை எல்லாம் மூன்றாம் பக்கத்தில் ஓர் அட்டவணையாகக் கொடுத்திருந்தேன். அந்த இடம் முழுக்கக் கட்டம் கட்டமாக இருந்தது. எழுத்துரு ஒத்துப்போகவில்லை. தப்பிப் பிழைத்த சில எழுத்துகளிலும் கொம்பு ஒரு பக்கம், புள்ளி ஒரு பக்கம். தமிழைப் பற்றிய கட்டுரையின் அட்டவணையில் ஒரு தமிழ்ச் சொல்கூட உருப்படியாக இல்லை. அச்சுக்குப் போகும் முன் யாராவது ஒரு முறை, ஒரே ஒரு முறை கண்ணால் பார்த்திருந்தால் போதும். யாரும் பார்க்கவில்லை. எழுதிக் கேட்டேன். திருத்தத்துக்கு 30 டாலர் என்றார்கள்.

என் பெரியப்பா மகன், நாமக்கல்லில் முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருக்கிறார். தங்கை கட்டுரை வந்திருக்கிறதே என்று ஆசையாகத் திறந்தவர், பின்னால் இருந்த கோழிக் கட்டுரையையும் படித்துவிட்டார். அன்று இரவே அழைத்தார். "ஏம்மிணி, இந்த இலைச்சாத்த ஊத்துனா வெள்ளக்கழிச்சல் நின்னுருமாமா? அப்பறம் நான் எதுக்கு மருந்துக் கடைக்காரனுக்குக் கொட்டி அழுகறேன்?" அந்தக் கட்டுரைக்காரர் பார்த்தது பன்னிரண்டு கோழிகள். மருந்து கொடுக்காமல் ஒப்பிட்டுப் பார்க்க வைத்த கோழி ஒன்றுகூட இல்லை. முடிவு: முழுக் குணம். வெள்ளைக்கழிச்சல் வைரஸ் நோய். வந்தபின் அதற்கு மருந்து கிடையாது, வருமுன் தடுப்பூசிதான். அண்ணன் பண்ணையில் குஞ்சிலிருந்தே லசோட்டா என்ற தடுப்பு மருந்தைத் தண்ணீரில் கலந்து கொடுப்பதைச் சின்ன வயதில் நானே பார்த்திருக்கிறேன். அவர் அனுபவசாலி, சிரித்துவிட்டு விட்டுவிட்டார். புதிதாகப் பண்ணை போட்ட ஒருவர் அதை நம்பித் தடுப்பூசியை நிறுத்தினால் கொட்டகையே காலியாகிவிடும்.

இதை ஏன் நீட்டுகிறேன் என்றால், "கட்டுரைதானே, யாருக்கு என்ன நட்டம்" என்று நானும் கேட்டவள்தான். சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு 1999 நினைவிருக்கும். நான் அப்போது உயர்நிலை 3. இறைச்சிக்கூடத்தில் வேலை பார்த்த 11 பேருக்கு நிப்பா வைரஸ் நோய் கண்டு, ஒருவர் இறந்துபோனார். மலேசியாவிலிருந்து வந்த பன்றிகளிடமிருந்து தொற்றியது. மலேசியாவிலோ நூற்றுக்கும் மேற்பட்டோர் போய்விட்டார்கள். முதலில் அங்கே அதைக் கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே நினைத்து, கொசுமருந்தும் தடுப்பூசியுமாக நாளைக் கழித்தார்கள். பெரும்பாலும் பன்றிப் பண்ணையில் வேலை செய்த பெரியவர்களுக்கே வருகிறதே, குழந்தைகளுக்கு ஏன் வரவில்லை என்ற கேள்வி எழுந்தது. கணக்கு இடித்தது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் சுவா காவ் பிங் என்ற மருத்துவர்தான் இது வேறு வைரஸ் என்று பிரித்தெடுத்தார். மாதிரியை எடுத்துக்கொண்டு அமெரிக்காவரை போய் உறுதிசெய்தார். கால்நடை ஆய்வு என்றால் நமக்குச் சிரிப்பு வருகிறது. விலங்கிலிருந்து வந்த நோயை ஒருவர் சரியாகப் பார்த்ததால்தான் அன்று நிலைமை கட்டுக்குள் வந்தது.

ஆகவே, "என் தமிழ்க் கட்டுரை ஆட்டுக் கட்டுரையோடு வரலாமா" என்பதல்ல பிரச்சினை. பல துறையும் கலந்து வருவது குற்றமில்லை, பணம் வாங்குவதும் குற்றமில்லை. பிளாஸ் ஒன் என்ற இணைய ஆய்விதழ் 2006இலிருந்து எல்லா அறிவியல் துறைக் கட்டுரையும் போடுகிறது, பணமும் வாங்குகிறது. 2013இல் சயன்ஸ் இதழுக்காக ஜான் பொஹானன் என்ற அறிவியல் செய்தியாளர் ஒரு காரியம் செய்தார். லைக்கன் என்ற கற்பாசி வகையிலிருந்து எடுத்த பொருள் புற்றுநோய் அணுக்களைத் தடுக்கிறது என்று, வேண்டுமென்றே ஓட்டை ஓட்டையாக ஒரு போலிக் கட்டுரை எழுதி 304 இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன. பிளாஸ் ஒன் ஓட்டைகளைக் கண்டுபிடித்து நிராகரித்தது. படிக்க ஆள் இருக்கிறதா இல்லையா, வித்தியாசம் அவ்வளவுதான். 2014இல் இன்னொரு கூத்து: "உன் மின்னஞ்சல் பட்டியலிலிருந்து என்னை எடுத்துத் தொலை" என்ற ஒரே வாக்கியத்தை (அசலில் கெட்ட வார்த்தையோடு) பத்துப் பக்கத்துக்குத் திரும்பத் திரும்ப எழுதிய கட்டுரையை ஓர் இதழ் "மிகச் சிறப்பு" என்று ஏற்றுக்கொண்டது.

இப்போது கீழே வந்து எழுதப்போகிறவர்களுக்கு: ஆமாம், அந்தக் கட்டுரையைக் காட்டித்தான் என் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தேன். ஆமாம், பட்டமும் வாங்கினேன். "ஏணியில் ஏறிவிட்டு ஏணியை உதைக்கிறாய்" என்று சொன்னால் என்னிடம் பதில் இல்லை. பெயருக்கு முன்னால் முனைவர் என்று போடுவதில்லை, அது பெருந்தன்மையால் அல்ல. அதோடு, தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களைப் பழிக்கவும் இதை எழுதவில்லை. அங்கே என் ஆய்வேட்டை வரி வரியாகப் படித்துக் கேள்வி கேட்ட பேராசிரியர்களும் இருந்தார்கள். ஓட்டை விதியில் இருந்தது. 2018 மே மாதம் மானியக் குழு தான் ஏற்கும் இதழ்களின் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை ஒரே வீச்சில் நீக்கியது, என்னுடையதும் அதில் போனது. 2022 விதிமுறையில் கட்டுரை கட்டாயம் என்பதையே எடுத்துவிட்டார்கள். உங்கள் பல்கலைக்கழகம் தனியாகக் கேட்கிறதா என்று அலுவலகத்திலேயே விசாரித்துவிடுங்கள். நெறியாளர் பழைய விதியிலேயே இருக்கலாம்.

பட்டம் என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன், இது கேள்விக்குச் சம்பந்தமில்லை. நம் ஊர் இலக்கியக் கூட்டங்களில் முன்வரிசை நாற்காலியில் "முனைவர்" என்று தாள் ஒட்டி வைப்பதை யார் ஆரம்பித்தது? ஏப்ரல் வந்தால் தமிழ்மொழி விழா. வார இறுதியெல்லாம் நிகழ்ச்சி. முப்பது வருடம் பாலர் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்ற அம்மா ஒருவர் பின்னால் நின்றுகொண்டு பிள்ளைகளுக்கு வடை எடுத்துக் கொடுக்கிறார். முன்னால் நாற்பது நிமிடம் பொன்னாடை. பிள்ளைகள் பேச்சுப் போட்டிக்கு மூன்று நிமிடம், மணி அடித்து இறக்கிவிடுவார்கள். டியூஷனிலும் அதே கதை. கணக்குக்கு மணிக்கு 60 வெள்ளி தயங்காமல் கொடுப்பவர்கள், தமிழுக்கு 35 என்றால் "வீட்டில் பேசுகிற மொழிதானே டீச்சர்" என்பார்கள். வீட்டில் எங்கே பேசுகிறீர்கள்? 2010 சிங்கப்பூர் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், எல்லா இனத்தவரையும் சேர்த்து, வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்றவர்கள் 3.3 விழுக்காடு, 2020இல் 2.5. சரி, விடுங்கள்.

எனக்கு உறுத்துவது காசு இல்லை. ஒருமுறை வெளிவந்துவிட்ட கட்டுரையை வேறு நல்ல இதழ் எடுக்காது. அந்த 14 பிள்ளைகளின் குரல் அந்தக் கட்டங்களுக்குள்ளேயே புதைந்துவிட்டது. 2018இல் வேறு பிள்ளைகளை வைத்து முதலிலிருந்து பதிவு செய்து, இந்த முறை உண்மையான இதழ் ஒன்றுக்கு அனுப்பினேன். ஏழு மாதம் சத்தமே இல்லை. அப்புறம் நிராகரிப்பு வந்தது, நாலு பக்கக் குறிப்போடு. காப்பிக்கடையில் உட்கார்ந்து படித்தேன், தே ஓ (பாலில்லாத தேநீர்) ஆறிப்போனது.

ஒரு பையன் சொன்ன வாக்கியம்: "நாய் தொரத்துச்சு, அவன் விழுந்துட்டான், அம்மா ஏசுனாங்க லா." நான் அதில் மூன்று பிழை கண்டிருந்தேன். மதிப்பீட்டாளர் எழுதியிருந்தார்: ஏசுதல் அகராதியில் உள்ள நல்ல தமிழ்ச் சொல், சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் அதுதான் வழக்கு, திட்டுதல் என்று ஏன் மாற்றினீர்கள்? பேச்சைப் பதிவு செய்துவிட்டு எழுத்துத்தமிழை வைத்து அளந்தால், கிடைப்பது பிள்ளையின் பிழை அல்ல, உங்கள் சிவப்புப் பேனாவின் பழக்கம். வகுப்பில் பேச்சுத்தமிழுக்கு இடம் கொடுக்க வேண்டும் என்று 2005இல் கல்வி அமைச்சின் மறுஆய்வுக் குழு சொன்னதைக் கட்டுரையின் முதல் பக்கத்தில் மேற்கோள் காட்டிவிட்டு, ஐந்தாம் பக்கத்தில் நீங்களே அதை மறந்துவிட்டீர்களே?

கோபம் வந்தது. இரண்டு நாள் கழித்துத்தான் அவர் சொல்வது சரி என்று தோன்றியது. பத்து வருடமாக "ஏசுனாங்க"வை அடித்துவிட்டுத் "திட்டினார்கள்" என்று எழுதிக் கொடுத்தவள் நான். இப்போது அடிப்பதில்லை. பேசும்போது ஏசட்டும். திருத்தி எழுத ஒரு வருடம் ஆனது, இன்னோர் இதழில் வந்தது, காசு கேட்கவில்லை. எத்தனை பேர் படித்தார்கள் என்று தெரியாது. குறைந்தது மதிப்பீட்டாளர்கள் படித்தார்கள்.

உங்களுக்கு வந்த மின்னஞ்சலுக்கு ஒரே ஒரு கேள்வியோடு பதில் போடுங்கள்: தமிழ்க் கட்டுரையை யார் மதிப்பிடுவார், அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியுமா? எனக்கு இன்னமும் மாதம் மூன்று நான்கு அழைப்பு வருகிறது. போன வாரம் கால்நடை நோய் இதழ் ஒன்றின் ஆசிரியர் குழுவில் சேரச் சொன்னார்கள். நான் வளர்த்த ஒரே பிராணி கப்பி மீன், அதுவும் செத்துப்போனது.

கட்டுரையை எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். செவ்வாய், வியாழன் மாலை டியூஷன் இருக்கும், மற்ற நாள்களில் படிக்கிறேன். பிள்ளைகள் எழுதிய வாக்கியங்களைத் திருத்தாமல், அப்படியே அனுப்புங்கள்.