முடிவே இல்லாமல் ஓடும் மொபைல் கேம்களின் பலம், பலவீனம் என்ன? புதிதாக ஒன்று செய்தால் எடுபடுமா?

எடுபடும், ஆனால் ஏற்கெனவே இருப்பதையே திரும்பச் செய்தால் எடுபடாது. காட்பாடியில் வீட்டிலிருந்தபடி கேம் செய்கிறேன். இந்த வகையில் ஒன்று செய்து நஷ்டப்பட்டிருக்கிறேன்.

அம்மாவோடு வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் காத்திருந்தேன். பக்கத்தில் ஆம்பூர்க்கார ஆயா ஒருவர் பேரனின் போனை வாங்கி, தண்டவாளத்தில் ஓடிக்கொண்டே ரயிலில் முட்டாமல் தப்பிக்கும் சப்வே சர்ஃபர்ஸ் கேமை ஆட ஆரம்பித்தார். யாரும் சொல்லித்தரவில்லை. முதல் தடவை ரயிலில் முட்டினார். அடுத்த தடவை கட்டைவிரலை இடது பக்கம் இழுத்தார். மூன்றாவதில் தாவியே விட்டார். டோக்கன் நம்பர் கூப்பிட்டதும், "இருடா, இந்த ஒண்ணு" என்றார்.

இந்த வகையின் முழு பலமும் அதுதான். படிக்கத் தெரிய வேண்டாம், ஒரு விரல் போதும். 2012இல் வந்த அந்த கேம், 2018இல் கூகுள் பிளேயில் நூறு கோடி டவுன்லோடைத் தொட்ட முதல் கேம் ஆனது சும்மா இல்லை.

செய்கிறவருக்கும் வசதி. ரோடு முழுவதையும் வரைய வேண்டாம்; சில துண்டுகளைச் செய்துகொண்டு, கடந்துபோன துண்டை எடுத்து மறுபடி முன்னால் ஒட்டினால் போதும். பலவீனமும் அங்கேதான் இருக்கிறது. பத்து நிமிடத்தில் எல்லாத் துண்டையும் பார்த்துவிடுகிறார்கள், அப்புறம் வேகம் மட்டும்தான் கூடுகிறது. சப்வே சர்ஃபர்ஸ் 2013 முதல் ஊர் ஊராக இடத்தை மாற்றிச் சமாளிக்கிறது. அதற்குப் பெரிய டீம் வேண்டும்.

காசு விஷயம் இன்னும் கஷ்டம். 2011இல் 99 சென்ட் விலையோடு வந்த, இதே வகை கேமான டெம்பிள் ரன்னே சில வாரங்களில் இலவசமாகிவிட்டது. நாம் விளம்பரத்தைத்தான் நம்ப வேண்டும். அமெரிக்காவில் கிடைக்கும் ரேட் இங்கே கிடைக்காது.

நான் காடு, பாழடைந்த கோயில் என்று பார்த்ததையே செய்தேன், 180 எம்பி. கல்யாண வீடியோவுக்கு இடம் இல்லை என்று அக்கா மகனே அதை அழித்துவிட்டான்.

சரி, வாய்ப்பு எங்கே? எங்கள் பக்கத்து எருது விடும் விழாவைப் பாருங்கள். மதுரைப் பக்கம் போல மாட்டைத் தழுவுவது கிடையாது. தெருவில் அவிழ்த்துவிட்டு, குறித்த தூரத்தை எத்தனை நொடியில் ஓடுகிறது என்று பார்த்துப் பரிசு தருவார்கள். இரண்டு பக்கமும் கட்டை கட்டிய தடுப்பு, நடுவில் ஓடுபாதை, மைக்கில் சத்தம்! இது அப்படியே ஒரு ரன்னர் கேம். அணைக்கட்டு ஊர் ஒரு துண்டு, கே.வி.குப்பம் ஊர் ஒரு துண்டு. பக்கத்து ஊர்க் காளையின் நொடிக்கணக்கை முந்த வேண்டும் என்றால் மறுநாளும் திறப்பார்கள். நெட் இல்லாமல், பழைய போனிலும் ஓட வேண்டும். 40 எம்பிக்கு மேல் போகக் கூடாது.

அதைத்தான் இப்போது செய்துகொண்டிருக்கிறேன். தெருவும் காளையும் நன்றாகவே வந்திருக்கின்றன. கழுத்துச் சலங்கைச் சத்தம் மட்டும் பிடிபடவில்லை. தை பிறந்ததும் ரெக்கார்டரோடு தடுப்போரம் நிற்பேன்.