வேதமும் ருஷ்யக் கரடியும்

அன்புள்ள ஐயா,

ருஷ்ய மொழி படிக்கத் தொடங்கியிருக்கிறேன். அறிதலுக்கு அங்கே ‘வேதத்’, சூனியக்காரிக்கு ‘வேத்மா’, கரடிக்கு ‘மெத்வேத்’, அதாவது தேனை அறிந்தவன் என்கிறார்கள். எல்லாம் ‘வேதம்’ போலவே இருக்கிறதே, சமஸ்கிருதத்திலிருந்து அங்கே போனவையா?
ச.

அன்புள்ள ச.,

போகவில்லை. தமிழில் நாம் சொல்லும் ‘வேதம்’தான் சமஸ்கிருதத்திலிருந்து வாங்கிய கடன். ருஷ்யச் சொல் சமஸ்கிருதச் சொல்லுக்கு உடன்பிறந்தது. இரண்டுக்கும் மூலம், சமஸ்கிருதம், கிரேக்கம், ருஷ்யம் எல்லாவற்றுக்கும் மூதாதையான இந்தோ-ஐரோப்பிய மொழியின் ‘வெய்த்’ என்ற வேர், பொருள் ‘பார்’. ‘பார்த்திருக்கிறேன்’ என்ற அதன் வடிவம் ‘அறிவேன்’ என்று பொருள் மாறியது. சமஸ்கிருத ‘வேத’, கிரேக்க ‘ஒய்த’ இரண்டும் அதுதான். அவரைத் தெரியுமா என்று யாராவது கேட்டால் நாமும் ‘பார்த்திருக்கிறேனே’ என்றுதானே சொல்கிறோம்.

ருஷ்யம், செக் போன்ற மொழிகளுக்குத் தாயான ஆதி ஸ்லாவியத்தில், அந்த வடிவத்தில் இருந்த பழைய ‘ஒய்’ என்ற ஒலி நெடில் ‘ஏ’ ஆனது. அப்படி மொழியியலாளர்கள் ஒப்பிட்டு மீட்டெடுத்த வினை ‘வேதேதி’, அறிதல். அதே வேரில் ‘விதேதி’, பார்த்தல். இவை எந்த ஏட்டிலும் கிடைத்த சொற்கள் அல்ல, அதனால்தான் முன்னால் நட்சத்திரக் குறி போடுகிறார்கள். ஆனால் 9ஆம் நூற்றாண்டில் கிரில், மெத்தோதியுஸ் என்ற கிறிஸ்தவத் துறவிகள் விவிலியத்தை மொழிபெயர்த்த பழைய திருச்சபை ஸ்லாவியத்தில் ‘அறிவேன்’ என்பதற்கு ‘வேதே’ என்று ஒரு வடிவம் உண்மையிலேயே எழுதப்பட்டிருக்கிறது. ‘பார்த்திருக்கிறேன்’ என்ற அந்தப் பழைய வினைவடிவம் ஸ்லாவியம் முழுவதும் அழிந்துபோய், இந்த ஒற்றைச் சொல்லில் மட்டும் தங்கியது. எத்தனை முறை படித்தாலும் எனக்குச் சிலிர்க்கும் இடம் இது. ருஷ்யர்கள் பேச்சில் ‘தானே’ என்பதுபோல அடிக்கடி போடும் ‘வேத்’ இருக்கிறதே, அது இந்த ‘வேதே’ தேய்ந்து வந்ததுதான், இனி கேட்கும்போது கவனியுங்கள். வேத்மா ‘அறிந்தவள்’ என்பது சரி. செக் மொழியில் அறிவியலுக்கே பெயர் ‘வியெதா’, அதுவும் இந்தக் குடும்பம்.

கரடியை மட்டும் இதில் சேர்க்காதீர்கள். அது ‘மெது’ (தேன்) கூட்டல் ‘ஏத்’ (தின்). மனு, அந்தரம் சேர்ந்து மன்வந்தரம் ஆவதுபோல, உயிருக்கு முன்னால் உகரம் வகரமாகிவிட்டது. ரிக் வேதத்திலேயே ‘மத்வத்’, இனிப்பைத் தின்பது, என்று இதே கூட்டுச்சொல் இருக்கிறது. அந்த வகரம் ‘மெது’வுக்குச் சொந்தம் என்பது மறந்துபோய், சொல்லைத் தவறான இடத்தில் பிரித்தபோதுதான் தேன்தின்னி தேனை அறிந்தவன் ஆனான்.