பழைய பப்பும் குத்துச்சண்டை வீரரும்: உண்மையை எங்கே தேடுவது?

கேள்வி: லண்டன் கோவென்ட் கார்டனுக்குப் பக்கத்தில் வேலை பார்க்கிறேன். நண்பர்களோடு வழக்கமாகப் போகும் பழைய பப்பில் சுவர் முழுக்கக் குத்துச்சண்டைப் படங்கள். இருநூறு வருடங்களுக்கு முன் ஒரு பெரிய வீரர் அதை நடத்தினாராம், மாடியில் சண்டை நடந்ததாம். இது உண்மைதானா என்று நானே எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: இதற்கு வரலாற்றுப் பட்டம் எதுவும் வேண்டாம். ஒரு நோட்டும் நாலைந்து சனிக்கிழமைகளும் ஒதுக்குங்கள், போதும். ஆனால் பப்பின் பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு தேடாதீர்கள். லண்டனில் ஒரே பெயரில் பல பப்கள் இருந்தன. ஒரே பப் ஐம்பது வருடத்தில் இரண்டு பெயர் மாறியிருக்கும்.

உங்கள் பக்கத்திலேயே இதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. இங்கிலாந்தின் கால்பந்துச் சங்கம் 1863 அக்டோபர் 26 அன்று ஃப்ரீமேசன்ஸ் டேவர்னில் தொடங்கியது. அந்த டேவர்ன் இருந்தது கிரேட் குயின் தெருவில். இப்போது அங்கே கன்னாட் ரூம்ஸ் நிற்கிறது. கொஞ்சம் தள்ளி லாங் ஏக்கரில் ஃப்ரீமேசன்ஸ் ஆர்ம்ஸ் என்று வேறொரு பப் உண்டு. பெயர் ஒத்துப்போனதால், சங்கம் பிறந்தது இங்கேதான் என்று எத்தனையோ பேர் நம்பிவிட்டார்கள்.

அதனால் ஆளைத் தேடுங்கள். அதாவது, மது விற்கும் உரிமம் யார் பெயரில் இருந்தது என்பதை. டாம் கிரிப்பை எடுத்துக்கொள்வோம். 1810-லும் 1811-லும் டாம் மாலினோ என்ற வீரரை வென்ற குத்துச்சண்டைச் சாம்பியன். பிறகு பேன்டன் தெருவில் யூனியன் ஆர்ம்ஸ் என்ற பப்பை நடத்தினார். இன்று அந்தத் தெருவில் அவர் பெயரிலேயே ஒரு பப் இருக்கிறது. மாலினோவுக்குப் பயிற்சி கொடுத்த பில் ரிச்மண்ட், நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் அடிமையாகப் பிறந்தவர். அவரும் லெஸ்டர் சதுக்கத்துக்கு அருகே ஹார்ஸ் அண்ட் டால்ஃபின் என்ற பப்பை நடத்தினார். களத்தில் எதிரெதிர் அணியில் நின்ற இருவரும் வயதான காலத்தில் நண்பர்களாகிவிட்டார்கள். 1829 டிசம்பரில் ரிச்மண்ட் தன் கடைசி மாலையைக் கழித்தது கிரிப்பின் பப்பில்தான். இந்த இரண்டு பப்களையும் நாம் அறிவதே அந்த மனிதர்களின் பெயர்களால்தான்.

உரிமப் பதிவேடுகள் கிளெர்க்கன்வெல்லில் உள்ள லண்டன் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. 1753-இல் வந்த சட்டம் இப்படிப் பதிவேடு வைப்பதைக் கட்டாயமாக்கியது, 1828-இல் வந்த சட்டம் அதை நீக்கியது, 1872-க்குப் பிறகு திரும்ப வந்தது. பழைய பக்கங்களில் பல சமயம் உரிமக்காரரின் பெயரும் திருச்சபை வட்டாரமும் மட்டும்தான் இருக்கும். பப்பின் பெயரே இருக்காது. முதல் முறை பார்க்கும்போது ஏமாற்றமாகத்தான் இருக்கும். ஆனால் கையில் ஆளின் பெயர் இருந்தால் அதே வரி பொக்கிஷம். இடையில் விழும் நாற்பது சொச்ச வருட இடைவெளியை வணிக விவரப் புத்தகங்கள், சன் நிறுவனத்தின் தீக்காப்பீட்டுப் பதிவேடுகள், 1841 முதலான மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆகியவற்றை வைத்து நிரப்பலாம். லண்டனின் குற்றவியல் நீதிமன்றமான ஓல்ட் பெய்லியின் வழக்கு விவரங்களையும் இணையத்தில் ஒருமுறை தேடிப் பாருங்கள். பப்பில் கோட்டுத் திருடியவன் வழக்கில் பப்காரரே சாட்சி சொல்ல வந்து, தன் பெயர், கடையின் பெயர், தெரு எல்லாவற்றையும் சொல்லியிருப்பார்.

கதவு எண்ணை நம்பி மோசம் போகாதீர்கள். 19-ஆம் நூற்றாண்டில் லண்டன் தெருக்கள் பலவற்றுக்கு எண்கள் மாற்றப்பட்டன, சில தெருக்களுக்குப் பெயரே மாறியது. பழைய வரைபடத்தில் பக்கத்துச் சந்து, மூலைக்கட்டடம் இவற்றை வைத்து இடத்தை உறுதிசெய்யுங்கள். கட்டடமும் அப்படித்தான். 1890-களில் நிறைய பப்களை இடித்துப் புதிதாகக் கட்டினார்கள். வீரர் நின்ற இடம் அதுவாக இருக்கலாம், அவர் தொட்ட சுவர் அதுவல்லாமல் போகலாம்.

சரி, மாடியில் சண்டை நடந்ததா? இதில்தான் ரொம்பக் கவனம் வேண்டும். கையுறை இல்லாமல் பந்தயத்துக்குப் போடும் சண்டை அப்போது சட்டவிரோதம். ஊருக்கு வெளியே திறந்தவெளியில்தான் நடக்கும். கிரிப்பும் மாலினோவும் 1811-இல் மோதியது லண்டனிலிருந்து சுமார் 100 மைல் தள்ளி, திஸில்டன் கேப்பில். பப்பில் நடந்தது வேறு: ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவது, பந்தயப் பணத்தைத் தவணை தவணையாகக் கட்டுவது, சண்டை எங்கே என்று ரகசியமாகச் சேதி சொல்வது. 1822-இல் தொடங்கிய ‘பெல்ஸ் லைஃப் இன் லண்டன்’ பத்திரிகையில் இப்படிப்பட்ட அறிவிப்புகள் வரிசையாக வரும். அதில் உங்கள் பப்பின் பெயர் கிடைத்தால் சந்தோஷப்படுங்கள்; ஆனால் அது பணம் கட்டிய இடமா, சண்டை நடந்த இடமா என்று முழுப் பத்தியையும் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். கையுறை மாட்டிய கண்காட்சிச் சண்டைகள் நகருக்குள்ளேயே நடந்தன. ரிச்மண்டின் பப்புக்குப் பக்கத்திலிருந்த ஃபைவ்ஸ் கோர்ட் என்ற அரங்கம் அதற்குப் பேர்போனது. உங்கள் பப்பின் மாடியில் நடந்திருந்தால் இந்த வகையாகத்தான் இருந்திருக்கும்.

பழைய பத்திரிகைகளின் மின்பதிப்பைப் பல பொது நூலகங்களில் இலவசமாகப் பார்க்கலாம். 1800-க்கு முந்தைய இதழ்களில் ‘எஸ்’ எழுத்தை நீட்டி அச்சிட்டிருப்பார்கள். கணினி அதை ‘எஃப்’ என்று படித்துவிடும். அதனால் ‘ஹார்ஸ்’ கிடைக்காவிட்டால் அந்த ‘எஸ்’ இருக்கும் இடத்தில் ‘எஃப்’ போட்டும் ஒருமுறை தேடுங்கள்.

அப்புறம் அந்த மாடி. விட்பிரெட், ட்ரூமன், கரேஜ் ஆகிய பீர் கம்பெனிகளின் பழைய ஆவணங்களும் அதே கிளெர்க்கன்வெல் காப்பகத்தில்தான் இருக்கின்றன. உங்கள் பப் இவற்றில் ஒன்றின் கையில் இருந்திருந்தால், குத்தகைப் பத்திரத்தைக் கேட்டுப் பாருங்கள். அதோடு தரைப்படம் இணைத்திருந்தால், மாடியில் சண்டை போடும் அளவுக்கு அறை இருந்ததா, வெறும் இரண்டு படுக்கையறைகள்தானா என்பதை அளவோடு பார்த்துவிடலாம்.