ஆய்வகக் குப்பி மருந்தாகுமா?

கேள்வி: தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் அப்பாவுக்கு வயது 64. நுரையீரலில் புற்றுநோய், நான்காம் நிலை என்கிறார்கள். பயாப்சி அறிக்கையில் ‘பிடி-எல்1 (22சி3): 60 சதவீதம்’ என்று இருக்கிறது. கோவையில் சொன்ன இம்யூனோதெரபி ஊசியின் விலை எங்களுக்கு எட்டாது. இணையத்தில் ‘பிடி-1 ஆன்டிபாடி’ என்ற குப்பி மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. ‘ஆராய்ச்சிக்கு மட்டும்’ என்று போட்டிருந்தாலும் பொருள் ஒன்றுதானே? இங்கேயே ஒரு நர்ஸ் மூலம் போட்டுக்கொள்ளலாமா? எங்கள் ஊர்க் குளிரில் பிரிட்ஜ் இல்லாமலே தாங்குமா? – வாசகர், கோத்தகிரி

பதில்: வாங்க வேண்டாம். வாங்கிவிட்டீர்கள் என்றால், அது எந்தக் காரணத்துக்காகவும் அப்பாவின் உடம்பில் ஏறக் கூடாது.

பிடி-1 என்பது நம் நோய் எதிர்ப்பு அணுக்களான டி செல்களின் மேற்பரப்பில் இருக்கும் ஓர் ஏற்பி. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குத் தேயிலை ஏற்றிக்கொண்டு இறங்கும் லாரிக்குப் பிரேக் எப்படியோ, டி செல்லுக்கு இது அப்படி. இது இல்லையென்றால் அந்த அணுக்கள் சொந்த உறுப்புகளையே தாக்கத் தொடங்கிவிடும். சில புற்றுநோய் அணுக்கள் பிடி-எல்1 என்ற புரதத்தைத் தம்மேல் வைத்துக்கொண்டு, நெருங்கி வரும் டி செல்லின் பிரேக்கை அழுத்தித் தப்பித்துக்கொள்கின்றன. கியோட்டோ பல்கலைக்கழகத்தில் தசுக்கு ஹோஞ்சோவின் குழு 1992இல் பிடி-1ஐ அறிவித்தது. இன்னொரு பிரேக்கான சிடிஎல்ஏ-4ஐ ஆராய்ந்த ஜேம்ஸ் அலிசனுடன் அவர் 2018இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். உங்கள் மருத்துவர் சொன்ன ஊசி, அந்தப் பிரேக்கை யாரும் மிதிக்க முடியாதபடி மூடிவிடும் ஆன்டிபாடி, அதாவது குறிப்பிட்ட ஓர் இலக்கில் மட்டும் போய் ஒட்டிக்கொள்ளும் புரதம்.

நீங்கள் பார்த்த குப்பிக்கும் அதே பெயர்தான். ஆனால் பிடி-1இல் ஒட்டுவதெல்லாம் பிடி-1ஐத் தடுத்துவிடாது. ஆய்வகத்தில் அணுக்களை எண்ணுவதற்காக ஒளிரும் சாயம் பூட்டிய ஆன்டிபாடிகள் உண்டு. ஒட்டியபின் பிரேக்கை இன்னும் பலமாக அழுத்திவிடும் வகையும் உண்டு. எலியின் பிடி-1ஐ மட்டுமே அடையாளம் காணும்படி தயாரித்தவை மனித உடலில் எதையும் பிடிக்காது. மனிதப் பிடி-1ஐப் பிடிப்பவையும் பெரும்பாலும் எலிப் புரதமாகவே இருப்பதால், பாம்புக்கடிக்குப் போடும் குதிரைச் சீரத்துக்குச் சிலருக்கு உடல் தடித்து மூச்சுத் திணறுவதைப் போன்ற ஒவ்வாமையைக் கிளப்பக்கூடும். பல குப்பிகளில் பூஞ்சையும் கிருமியும் வளராமலிருக்க சோடியம் அசைடு கலந்திருப்பார்கள். அது அணுக்களின் சுவாசத்தையே நிறுத்தும் நஞ்சு.

அளவையும் கணக்கிட்டுப் பாருங்கள். இத்தகைய குப்பி ஒன்றில் வழக்கமாக 100 மைக்ரோகிராம் இருக்கும். பிடி-1ஐத் தடுக்கும் ஊசிகளில் ஒன்றான பெம்ப்ரோலிசுமாப் மருந்தின் ஒரு தவணை 200 மில்லிகிராம், அதாவது அப்படிப்பட்ட 2,000 குப்பிகள். அதுவும் மூன்று வாரத்துக்கு ஒருமுறை. மலிவு என்று தோன்றியது அங்கேயே கரைந்துபோகிறது.

உங்கள் பக்கத்து ஊரான குன்னூரில் 1907 முதல் இயங்கும் பாஸ்டர் நிறுவனத்தை நீங்கள் அறிந்திருப்பீர்கள். அத்தனை கால அனுபவம் உள்ள இடங்களில் தயாராகும் தடுப்பூசியும்கூட, தொகுதி தொகுதியாகக் கசௌலியில் உள்ள மத்திய மருந்து ஆய்வகத்தின் சோதனையைத் தாண்டிய பிறகே வெளியே வருகிறது. ஆராய்ச்சிக் குப்பிக்கு அந்த வாசலே கிடையாது. குளிரைப் பற்றிக் கேட்டீர்கள்: உண்மையான மருந்தை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும், உறையவும் விடக் கூடாது, கோத்தகிரியின் பகல் அதைவிடச் சூடு.

அறிக்கையில் உள்ள 22சி3யும் மருந்தின் பெயரல்ல. பயாப்சித் துண்டைக் கண்ணாடித் தகட்டில் வைத்துச் சாயமேற்றப் பயன்படுத்திய ஆன்டிபாடியின் பெயர் அது. ஆய்வக ஆன்டிபாடிக்கு உரிய இடம் அந்தத் தகடுதான். நூறு புற்றணுக்களில் அறுபதில் பிடி-எல்1 இருப்பதாக அது காட்டியிருக்கிறது. உங்களுக்கு இது சாதகமான செய்தி. 50 சதவீதமும் அதற்கு மேலும் இருப்பவர்களுக்கு, கீமோ இல்லாமல் பெம்ப்ரோலிசுமாப் மட்டும் கொடுப்பது ஏற்கப்பட்ட சிகிச்சை. ஆனால் அதற்குமுன் இஜிஎஃப்ஆர், ஏஎல்கே மரபணுச் சோதனைகளின் முடிவு கையில் இருக்க வேண்டும். அவற்றில் மாற்றம் இருந்தால் மாத்திரைகளே முதல் தேர்வு. உங்கள் கடிதத்தில் அந்த முடிவுகள் இல்லை. முதலில் அதைக் கேளுங்கள்.

பணத்தைப் பற்றி மருத்துவரிடம் கூச்சப்படாமல் பேசுங்கள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம், மருந்து நிறுவனங்களின் நோயாளி உதவித் திட்டங்கள் இரண்டையும் விசாரியுங்கள். மும்பை டாடா நினைவு மருத்துவமனை, முற்றிய தலை, கழுத்துப் புற்றுநோயாளிகளுக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை 20 மில்லிகிராம் நிவோலுமாபை (பிடி-1ஐத் தடுக்கும் இன்னொரு ஊசி) மாத்திரை சிகிச்சையுடன் சேர்த்துக் கொடுத்து, ஓராண்டு உயிர்வாழ்வு 16.3 சதவீதத்திலிருந்து 43.4 ஆக உயர்ந்ததை 2022இல் வெளியிட்டது. வழக்கமான தவணை 240 மில்லிகிராம் என்பதை நினைத்துப் பாருங்கள். அது நுரையீரலில் நடந்த ஆய்வு அல்ல. ஆயினும் குறைந்த அளவு அப்பாவுக்குப் பொருந்துமா என்று கேட்பதில் தவறில்லை. ஊசிக்கு வழியே இல்லாவிட்டாலும் கீமோ இருக்கிறது. அதை ஒன்றுமில்லாததாக எண்ண வேண்டாம்.

இம்யூனோதெரபி தொடங்கினால் ஒன்றைக் கவனியுங்கள். பிரேக் விலகிய டி செல்கள் சில சமயம் நுரையீரலையே புண்ணாக்கும். வறட்டு இருமலும், வீட்டுப் படியேறும்போது புதிதாக வரும் மூச்சிரைப்பும்தான் அதன் தொடக்கம். மார்கழிப் பனியில் உங்கள் ஊரில் எல்லோரும் இருமுவார்கள் என்று மருந்துக்கடைச் சிரப்போடு விட்டுவிடாமல், கடைசி ஊசி போட்டுச் சில மாதங்கள் ஆகியிருந்தாலும், அன்றே சிகிச்சை அளிக்கும் மருத்துவமனையைத் தொலைபேசியில் அழைத்துச் சொல்லுங்கள்.